மாடியில் இரண்டு போர்ஷன்: முதல் முறை வாடகைக்கு விடுபவர் கணக்கில் விடுபடுபவை

கீழ்வீட்டில் நாம் இருந்துகொள்ளலாம், மாடி கட்டி இரண்டு போர்ஷனாக விட்டால் மாதம் 24,000 வரும், கடன் தவணை 17,000 போக 7,000 மிச்சம். தாம்பரம், ஆவடி, மேடவாக்கம் பக்கம் முதல் முறையாக வாடகைக்கு விட நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு வரிக் கணக்கோடுதான் கொத்தனாரைக் கூப்பிடுகிறார்கள். இந்த வரியில் வருகிற எண்கள் சரிதான். வராத எண்கள்தான் பிறகு கையைக் கடிக்கும்.

அந்தக் கணக்கை முழுசாகப் போட்டுப் பார்ப்போம். 1,200 சதுர அடி மாடி, சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால் 30 லட்சம். கையிலிருந்து 10 லட்சம், வங்கிக் கடன் 20 லட்சம். 8.5 சதவீத வட்டியில் 20 வருடக் கடனுக்கு லட்சத்துக்கு 868 ரூபாய் தவணை; ஆக மாதம் 17,356, வருடத்துக்கு 2,08,272. வாடகை 12,000 வீதம் இரண்டு வீடு, வருடம் 2,88,000. ஒவ்வொரு வீடும் வருடத்தில் ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் 2,64,000 ஆகிவிடும். சொத்து வரி, பொது மோட்டார் கரண்ட், தொட்டி கழுவுவது, கழிவுநீர் லாரி எல்லாம் சேர்த்து 18,000. வீட்டுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை 25,000 ரூபாயில் பெயின்ட் என்றால் வருடச் சராசரி 25,000. குழாய், பூட்டு, மோட்டார் என்று சில்லறைப் பழுதுக்கு 12,000. மீதி 2,09,000. தவணையைக் கழித்தால் வருடம் முழுவதற்கும் கையில் நிற்பது 728 ரூபாய்.

கடன் அடைகிறது, சொத்து நிற்கிறது. அந்த வகையில் இது நஷ்டம் இல்லை. ஆனால் மாதம் 7,000 வரும் என்று நம்பி அதில் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டத் திட்டமிட்டவருக்கு இது பெரிய அடி. மேலே உள்ள எண்கள் ஊருக்கு ஊர் மாறும். எந்த எண்ணை நம்மால் குறைக்க முடியும் என்று பார்ப்பதுதான் முக்கியம். தவணையைக் குறைக்க முடியாது. வாடகையை அக்கம்பக்கத்து விலைக்கு மேல் ஏற்ற முடியாது. வீடு பூட்டிக் கிடக்கும் நாட்களையும் பழுதுச் செலவையும் குறைக்கலாம், அதற்கான வேலையில் பாதி கட்டும்போதே முடிந்துவிடுகிறது.

கட்டும்போதே முடிக்க வேண்டியவை

கீழ்வீடு தூண் வைத்துக் கட்டியதா, 9 அங்குலச் சுவரே பாரம் தாங்குகிற பழைய கட்டடமா என்பதை முதலில் ஒரு பொறியாளரிடம் காட்டிக் கேளுங்கள். சுவர் தாங்கும் கட்டடமாக இருந்தால், மாடியில் இரண்டு போர்ஷனைப் பிரிக்கும் சுவர் கீழே உள்ள சுவருக்கு நேர் மேலே வருவது நல்லது. வராவிட்டால் அதற்கு அடியில் பீம் வேண்டும். சும்மா தளத்தின் நடுவில் செங்கல் சுவரை ஏற்றினால் கீழ்வீட்டு சீலிங்கில் நீளவாக்கில் விரிசல் விடும். மாடியின் திட்ட அனுமதியும் இந்தக் கட்டத்திலேயே தேவை. அனுமதி இல்லாத தளத்துக்கு வங்கிக் கடன் கிடைக்காது, கூடுதல் மின் இணைப்பு கேட்கும்போதும் சிக்கல் வரும்.

அடுத்தது குளியலறை. மாடிக் குளியலறை கீழ்வீட்டுக் குளியலறைக்கு நேர் மேலே இருக்கட்டும். 110 மி.மீ. கழிவுக் குழாய் நேராக இறங்கும். ஒழுகினாலும் படுக்கையறைக் கூரையில் ஒழுகாது. தளத்தைத் தாழ்த்திப் போட்டு, வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடித்த பிறகு, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டுப் பாருங்கள். கீழே ஈரம் தெரியவில்லை என்றால் மட்டும் அடுத்த வேலை. இந்த இரண்டு நாளைத் தவிர்ப்பவர்கள்தான் மூன்றாம் வருடம் டைல்ஸை உடைக்கிறார்கள், அந்த ஒரு மாதம் குடியிருப்பவர் குளிக்க இடமில்லாமல் காலி செய்கிறார். தரையில் வழுக்காத டைல்ஸ், இடுக்கில் சிமென்டுக்குப் பதில் எபாக்ஸி. கிடையாகப் போகும் கழிவுக் குழாய்க்கு 60 அடிக்கு 1 அடி என்ற அளவில் சரிவு வேண்டும். சரிவு குறைந்தால் அடைப்பு வரும். அப்போது "மேல்வீட்டார் எதையோ போட்டுவிட்டார்கள்" என்று இரண்டு குடும்பத்துக்குள் சண்டை வருமே தவிர, காரணம் குழாயில்தான் இருக்கும்.

குளிர்நீருக்கு யு.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய், கீசர் வழிக்குச் சூடு தாங்கும் சி.பி.வி.சி. குழாய் போடுங்கள். புறநகர் போர்த் தண்ணீர் உப்பு. இரும்புக் குழாயைச் சில வருடங்களில் அரித்துவிடும். வாடகை வீட்டில் சுவருக்குள் புதைக்கும் டைவர்ட்டர் (தண்ணீரை ஷவருக்கும் குழாய்க்கும் மாற்றிவிடும் வால்வு) வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பார்க்க அழகுதான். ஆனால் உப்பு ஏறி இறுகினால் சுவரை உடைக்க வேண்டும்; வெளியே தெரியும் சாதாரண பித்தளைக் குழாயை அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம். குழாய், ஃப்ளஷ் டேங்க், பூட்டு எல்லாம் இரண்டு போர்ஷனுக்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக வாங்குங்கள். ஒரு செட் உதிரி பாகம் அலமாரியில் இருந்தால் இரண்டுக்கும் உதவும். டைல்ஸிலும் ஒவ்வொரு வகையிலும் ஒரு பெட்டி எடுத்து வையுங்கள். இரண்டு வருடம் கழித்து அதே நிறம் கடையில் கிடைக்காது.

வயரிங்கில் விளக்குக்கும் ஃபேனுக்கும் 1.5 சதுர மி.மீ., சாதாரண பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 சதுர மி.மீ. கம்பி. 2 கிலோவாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும், அதற்கு 16 ஆம்பியர் பிளக் வேண்டும். நீங்கள் ஏ.சி. மாட்டித் தராவிட்டாலும் அதற்கான பாயின்டையும், தண்ணீர் வெளியேறும் துளையையும், வெளி யூனிட் வைக்க இடத்தையும் விட்டுவிடுங்கள். விடாவிட்டால் வருபவர் தானாகத் துளை போடுவார், அந்தத் துளை பீமில் விழலாம். வாஷிங் மெஷினுக்குக் குழாய், பிளக், தண்ணீர் வடிய வழி மூன்றும் ஒரே இடத்தில் அமைய வேண்டும். இன்று வீடு பார்க்க வருபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். "குளியலறையில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் பாதிப் பேர் அப்படியே கீழே இறங்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் கருவி, கட்டாயம். உயிர் சம்பந்தப்பட்டது, இதில் சிக்கனம் கூடாது. ஜன்னலுக்குக் கொசுவலை, சமையலறையில் எக்ஸாஸ்ட் துளை, துணி காயப்போடக் கொக்கி, திரைச்சீலைக் கம்பி எல்லாம் நீங்களே போட்டுத் தந்தால் சுவரில் ஆணி அடிப்பது வெகுவாகக் குறையும்.

தண்ணீர்

வாடகை வீட்டில் சண்டை எங்கே தொடங்கும் என்று கேட்டால் தண்ணீரில்தான். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகர்ப்புறத் திட்டங்களில் எடுத்துக்கொள்ளும் அளவு. கீழே ஒரு குடும்பம், மேலே இரண்டு, வீட்டுக்கு நாலு பேர் என்றால் 12 பேர். நாளைக்கு 1,620 லிட்டர். 6,000 லிட்டர் சம்ப் நான்கு நாள்கூட முழுசாக வராது. சம்பின் அளவை முடிவு செய்யும்போது லாரியின் அளவையும் மனதில் வையுங்கள். 6,000 லிட்டர் லாரியைக் கூப்பிட்டு 5,000 லிட்டர் சம்பில் இறக்கினால் மீதி 1,000 லிட்டருக்கும் சேர்த்துத்தான் பணம். சம்பில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருக்கும்போதே லாரி வந்து நிற்கும் என்பதால் 8,000 லிட்டருக்குக் குறையாமல் கட்டுவது நல்லது.

மேல்தொட்டியை ஒன்றாக வைக்காமல் போர்ஷனுக்கு ஒன்று என்று 750 லிட்டர் தொட்டி வையுங்கள். மோட்டார் போடும்போது எல்லாத் தொட்டியும் நிரம்பும். ஒவ்வொன்றிலும் மிதவை வால்வு இருந்தால் நிரம்பியது தானாக நிற்கும். அதன் பிறகு யார் எவ்வளவு செலவழிக்கிறார் என்ற பேச்சுக்கே இடம் இல்லை. ஒரு வீட்டில் விருந்தாளி வந்து தொட்டி காலியானால் அது அந்த வீட்டோடு போகும். 1,000 லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. தொட்டியைத் தளத்தின் நடுவில் வைக்காமல் தூண் அல்லது பீம் வரும் இடத்தின் மேல் வையுங்கள்.

மோட்டாருக்குத் தானியங்கி மட்டக் கட்டுப்பாட்டுக் கருவி அவசியம். மேல்தொட்டி நிரம்பினால் நிறுத்துவது மட்டும் போதாது. சம்பில் தண்ணீர் இறங்கினாலும் நிறுத்தும் வகையை வாங்குங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடிய மோட்டார் சுருள் கருகிப் போகும், திரும்பச் சுற்றக் கொடுத்தால் மூன்று நாள் வீட்டில் தண்ணீர் இருக்காது. அந்த மூன்று நாள்தான் குடியிருப்பவர் வேறு வீடு பார்க்கத் தொடங்கும் நாள்.

கரண்ட் மீட்டர்

தமிழ்நாட்டில் வீட்டு மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. 2016 முதல் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் முதல் 100 யூனிட் இலவசம். பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளில் கிடைத்த குறைந்த விலையும் போய்விடும். இரண்டு போர்ஷனும் ஆளுக்கு 260 யூனிட் செலவழிக்கிறார்கள் என்று வையுங்கள். தனித்தனி இணைப்பு என்றால் இருவருக்கும் 100 யூனிட் இலவசம், இருவரும் 500-க்குள். ஒரே இணைப்பில் துணை மீட்டர் வைத்தால் மொத்தம் 520. இலவசம் ஒரு முறைதான், விலைப்படியும் மேலே. இந்தக் கூடுதலை யார் கட்டுவது? உரிமையாளர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று சுற்று எண்ணாக வசூலித்தால் குடியிருப்பவர் மனதில் அது ஆறாத புண்ணாக நிற்கும், நியாயமான புண்தான். அவரவர் இணைப்பு, அவரவர் அட்டை, அவரவரே கட்டிக்கொள்ளட்டும். தனித்தனிக் குடித்தனமாக, தனி வாசல், தனிச் சமையலறையோடு பிரிந்திருந்தால்தான் தனி இணைப்பு கேட்க முடியும்; வரைபடத்திலேயே அதைக் காட்டிவிடுங்கள்.

மாடிப்படி விளக்கும் மோட்டாரும் யார் மீட்டரில் ஓடுகிறது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். 1 எச்.பி. மோட்டார் மணிக்கு ஏறக்குறைய 1 யூனிட் எடுக்கும். தினம் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 60 யூனிட். உங்கள் மீட்டரில் ஓடுகிறது என்றால் மாதம் இவ்வளவு பராமரிப்புத் தொகை என்று முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

அட்வான்ஸ் என்பது கடன்

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்து, 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது அந்தச் சட்டம். வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

முதல் முறை விடுபவர் விழும் பெரிய குழி இதுதான்: கட்டுமானத்தின் கடைசி வேலைக்குப் பணம் போதாமல் அட்வான்ஸை வாங்கி டைல்ஸிலும் கேட்டிலும் போட்டுவிடுவது. குடியிருப்பவர் காலி செய்யும்போது புதிதாக வருபவரின் அட்வான்ஸை எதிர்பார்த்து நிற்க வேண்டிவரும். அவர் வர இரண்டு மாதம் ஆனால் போகிறவரை இழுத்தடிக்க வேண்டும், அல்லது அவசரத்தில் யார் வந்தாலும் சாவியைக் கொடுக்க வேண்டும். இரண்டுமே கெடுதல். வாங்கிய அட்வான்ஸைத் தனியாக வைப்பு நிதியில் போட்டு, அது இருக்கிறது என்பதையே மறந்துவிடுங்கள். வாடகை இல்லாமல் மொத்தத் தொகை வாங்கிக்கொண்டு 'லீசுக்கு' விடுவதும் இதே கதைதான், தொகை மட்டும் பல லட்சம். அந்தப் பணத்தைச் செலவழித்துவிட்டால் வீட்டைத் திரும்பப் பெற வழியே இருக்காது.

ஒப்பந்தமும் ஆடி மாதமும்

11 மாத ஒப்பந்தம் எழுதுவது பழக்கமாகிவிட்டது. ஒரு வருடத்துக்குக் குறைந்தால் பத்திரப்பதிவு அலுவலகம் போக வேண்டியதில்லை என்பதுதான் காரணம். ஆனால் இப்போதைய வாடகைச் சட்டப்படி எத்தனை மாத வாடகையானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இதற்கென அரசின் இணையதளம் இருக்கிறது; ஒப்பந்தம், இரு தரப்பு அடையாளச் சான்று, புகைப்படம் ஏற்றிப் பதிவெண் வாங்கலாம். வீட்டிலிருந்தே முடிகிற வேலை. இதைச் செய்யாதவருக்குப் பின்னால் வாடகை நீதிமன்றத்துக்குப் போனால் முதல் கேள்வியே பதிவெண் எங்கே என்பதுதான்.

11 மாதம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதும்போது எந்த மாதத்தில் முடிகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. தை பிறந்து பிப்ரவரி 1-ல் குடிவந்தால் டிசம்பர் 31-ல் முடியும். அது நடு மார்கழி. ஆவணியில் செப்டம்பர் 1-ல் வந்தால் ஜூலை 31-ல் முடியும். அது நடு ஆடி. ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் பால் காய்ச்சிக் குடிபோகிறவர் மிகக் குறைவு. ஆடியில் காலியான வீடு ஆவணி வரை பூட்டியிருப்பது சாதாரணம். மேலே போட்ட கணக்கில் ஒரு வீட்டின் ஒரு மாத வாடகை 12,000 ரூபாய். வருடம் முழுவதும் மிஞ்சும் 728 ரூபாயோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். செப்டம்பரில் வருபவருக்கு 9 மாதம் எழுதினால் மே மாதக் கடைசியில், பள்ளி திறக்கும் நேரத்தில் முடியும். வீடு தேடுபவர்கள் அதிகம் அலையும் காலம் அது. பிப்ரவரியில் வருபவருக்கு 10 மாதம் எழுதினால் நவம்பர் 30-ல் முடியும். மார்கழிக்கு முன் இரண்டு வாரம் கிடைக்கும்.

பால் காய்ச்சும் நாளும் வாடகை தொடங்கும் நாளும் வேறுவேறாக இருப்பதும் வழக்கம். நல்ல நாள் பார்த்து 20-ஆம் தேதி பால் காய்ச்சிவிட்டுச் சாமான்களை 1-ஆம் தேதி கொண்டுவருவார்கள். அந்தப் பத்து நாள் வாடகை உண்டா இல்லையா என்பதைச் சாவி கொடுக்கும் முன்பே பேசி எழுதிவிடுங்கள். விட்டுக்கொடுப்பது நல்ல தொடக்கம் என்பது என் எண்ணம், அதையும் எழுத்தில் விட்டுக்கொடுக்கலாம்.

ஒப்பந்தத்தில் மறக்காமல் இருக்க வேண்டியவை: வாடகை எந்தத் தேதிக்குள், வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஏறும், காலி செய்ய எத்தனை மாதம் முன்னறிவிப்பு, எத்தனை பேர் குடியிருப்பார்கள், பராமரிப்புத் தொகை எதற்கெல்லாம், வண்டி நிறுத்தும் இடம் எது. கடைசியில் ஒரு பட்டியல்: ஃபேன் எத்தனை, டியூப்லைட் எத்தனை, சாவி எத்தனை, கீசர் எந்த கம்பெனி, மீட்டரில் அன்றைய எண். காலி வீட்டை அறை அறையாகப் படம் எடுத்து இருவரும் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழுதுக்கு யார் பொறுப்பு என்பதைச் சட்டத்தின் இணைப்புப் பட்டியலே பிரித்துச் சொல்கிறது. கட்டடத்தின் பெரிய பழுது, சுண்ணாம்பு அடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் வழியை மாற்றுவது, உள்வெளி வயரிங் இவை உரிமையாளருக்கு. குழாயின் வாஷர், சுவிட்ச், பிளக், பூட்டு, கொசுவலை, உடைந்த ஜன்னல் கண்ணாடி, கழுவுதொட்டிப் பழுது, சாக்கடை அடைப்பு நீக்குவது இவை குடியிருப்பவருக்கு. 'காலி செய்யும்போது பெயின்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்போம்' என்பது ஊர் வழக்கம். எழுதாமல் பிடித்தால் அது சண்டை. பிடிப்பதாக இருந்தால் எழுதுங்கள், மூன்று வருடத்துக்கு மேல் இருந்தவரிடம் பிடிக்காதீர்கள். மூன்று வருடத்தில் பெயின்ட் தானாகவே மங்கியிருக்கும், அது அவர் குற்றம் இல்லை.

யாருக்கு விடுவது

புரோக்கர் வழியாகப் போனால் பொதுவாக ஒரு மாத வாடகை வரை கமிஷன் போகும். வாசலில் 'டு-லெட்' பலகையும் அக்கம்பக்கத்து அண்ணாச்சி கடையில் ஒரு வார்த்தையும் பல இடங்களில் போதும். வருபவரிடம் கேட்க வேண்டியவை மூன்றுதான்: எங்கே வேலை, இப்போதைய வீட்டை ஏன் விடுகிறார், எத்தனை பேர். வாடகை அவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் நாலாம் மாதம் தாமதம் தொடங்கும். இப்போதைய உரிமையாளரை விட அதற்கு முந்தைய வீட்டு உரிமையாளரிடம் விசாரிப்பது நல்லது. இப்போதையவருக்கு அவரை அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரம் இருக்கலாம். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் குடியிருப்பவர் பற்றிய சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

சாதி, மதம், சாப்பாடு பார்த்து ஆட்களைத் திருப்பி அனுப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது தவறு. தொழிலாகப் பார்த்தாலும், ஒழுங்காக வாடகை கட்டி வருடக்கணக்கில் இருக்கக்கூடிய நல்ல குடும்பங்களை வாசலிலேயே இழக்கிறீர்கள். கறி சமைப்பதால் கெடுகிற வீடு எதுவும் கிடையாது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று மாட்டிக்கொடுத்தால் போதும்.

நல்லவர் கிடைத்துவிட்டால் 500 ரூபாய் ஏற்றத்துக்காக அவரை இழக்காதீர்கள். மாதம் 500 ஏற்றினால் வருடத்துக்கு 6,000. அவர் போய்விட்டால் ஒரு மாதக் காலி 12,000, பெயின்ட் 25,000, புரோக்கர் 12,000.

வீட்டுக்குள் நுழைவதும் பாக்கி கேட்பதும்

சாவி கொடுத்த பிறகு அது அவர் வீடு. பழுது பார்க்கவோ சோதிக்கவோ போக 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பதில் வாங்கி வையுங்கள். வாடகை பாக்கி வைத்தால் கோபத்தில் மோட்டாரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது கூடவே கூடாது. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசியத்தைத் துண்டிக்கக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அந்த ஒரு செயலால் வழக்கு அவர் பக்கம் சாய்ந்துவிடும். இரண்டு மாத பாக்கி என்பது காலி செய்யக் கேட்பதற்கான காரணங்களில் ஒன்று. நோட்டீஸ் அனுப்பி, வங்கிக் கணக்கு விவரத்தோடு வாடகை நீதிமன்றத்தில் மனு போடலாம். வாடகையை எப்போதும் வங்கி வழியாகவே வாங்குங்கள் என்பது இதற்காகவும்தான்.

வருமான வரி

வாடகை வருமானத்தை மறைக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. அதே கணக்கில் பாருங்கள். கையில் வந்த வாடகை 2,64,000. கட்டிய சொத்து வரி 4,000 என்றால் அதைக் கழித்து 2,60,000. அதில் 30 சதவீதம், அதாவது 78,000, பராமரிப்புக்கென நிலையான கழிவு; ரசீது கேட்க மாட்டார்கள். மீதி 1,82,000. கடனின் முதல் வருட வட்டி ஏறக்குறைய 1,68,000. அதையும் கழித்தால் வரிக்கு உட்படுவது 14,000 ரூபாய் மட்டும். பெயின்ட், மோட்டார் செலவைத் தனியாகக் கழிக்க முடியாது, அந்த 30 சதவீதத்துக்குள் அது அடங்கிவிட்டது. கட்டி முடிக்கும் முன் கட்டிய வட்டியை, வேலை முடிந்த வருடம் தொடங்கி ஐந்து சம தவணையாகக் கழிக்கலாம். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். புதிய வரி முறையில் வீட்டுக் கணக்கில் நஷ்டம் வந்தால் அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது என்பதையும் கவனியுங்கள்.

குடியிருப்பவர் சம்பளக்காரராக இருந்து வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டு வாடகைப்படிக்கு உங்கள் பான் எண்ணைக் கேட்பார். கொடுக்க மறுக்காதீர்கள். ரொக்கமாக 5,000-க்கு மேல் வாங்கினால் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். மாடி கட்டியதும் சொத்து வரியைத் திருத்தி எழுதச் சொல்லி நீங்களே மாநகராட்சிக்கு எழுதுங்கள். பின்னால் அவர்களாக அளந்து பழைய பாக்கியோடு போட்டால் மொத்தமாகக் கட்ட வேண்டிவரும். அரையாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைக்கும்.

காலி செய்யும் நாள்

முன்னறிவிப்பு வந்த அன்றே பலகையை மாட்டிவிடுங்கள். காலியான பிறகு மாட்டினால் அந்த ஒரு மாதம் வீண். இருப்பவரிடம் கேட்டு, அவருக்குத் தோதான நேரத்தில் மட்டும் புதியவர்களை அழைத்துவாருங்கள். பெயின்டரையும் பிளம்பரையும் காலி செய்யும் தேதிக்கு மறுநாளுக்கே சொல்லி வைத்தால் ஒரு போர்ஷன் ஐந்து நாளில் தயாராகிவிடும். சுவருக்கு எமல்ஷன், அதுவும் எப்போதும் ஒரே வெள்ளை. நிறத்தின் எண்ணை எழுதி வைத்தால் அடுத்த முறை அழுக்கான சுவரை மட்டும் அடித்தால் போதும்.

மின் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்பதால் போகிறவர் செலவழித்த யூனிட் அடுத்தவர் தலையில் விழும். காலி செய்யும் நாளில் மீட்டர் எண்ணைப் படம் எடுத்து, கடைசிக் கணக்கெடுப்பிலிருந்து எத்தனை யூனிட் என்று பார்த்து, அதற்கான தொகையை அட்வான்ஸில் கழியுங்கள். பழைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இருவரும் சேர்ந்து அறை அறையாகப் போங்கள். எல்லாக் குழாயையும் திறந்து, ஃப்ளஷ் அழுத்தி, எல்லா சுவிட்சையும் போட்டுப் பாருங்கள். ஆணித் துளைக்குப் பிடிக்காதீர்கள், உடைந்த பேசினுக்குப் பிடியுங்கள், எதற்கு எவ்வளவு என்று தாளில் எழுதிக் கொடுங்கள். மீதி அட்வான்ஸை அங்கேயே நின்று வங்கி வழியாக அனுப்பிவிட்டு, வாடகைப் பதிவுத் தளத்தில் பழைய ஒப்பந்தம் முடிந்ததைக் குறித்துவிட்டு, சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். கதவுப் பூட்டின் சிலிண்டரை மட்டும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.